முதல் மூட்டைக்கு லாபம் என்று பெயர்

மரிய ஆல்பர்ட்டுக்கு நான் இரண்டாம் தாரம். முதல் தாரம் பெரம்பலூரில், ராஜவேல் மண்டியில், கம்பி ஜன்னல் ஓரமாக மக்காச்சோளத் தூசி படிந்து உட்கார்ந்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். எனக்கு இதில் சிரிப்பு வருவது நின்று பல வருஷமாகிறது.

நாங்கள் குடியிருப்பது அரியலூரில். அவருக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சி, எனக்கு வரதராஜன்பேட்டை. என் பெயர் சகாய பிரியா, நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. அவருக்கு ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு ஒரு பைக் போகும். அதில் முதுகுப்பையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பைக்குள் ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், அழிரப்பர், கீறல் விழுந்த சிடிக்கள். உலகம் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

தொடக்கத்தில் அப்படி இல்லை. திருச்சியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த புதிதில், எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், அந்தப் பெரம்பலூர் மண்டிக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார். ராஜவேலின் அப்பா அங்கமுத்து அப்போது உயிரோடு இருந்தார். கம்ப்யூட்டர் என்பதே பெரம்பலூர் மண்டிக்காரர்களுக்கு வேடிக்கைப் பொருளாக இருந்த காலம். வேப்பந்தட்டைப் பக்கமிருந்து விவசாயிகள் சோளத்தைக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒவ்வொரு மூட்டையாகத் தராசில் ஏறும், ஒவ்வொரு மூட்டையின் எடையும் ஒரு வரியாக பில்லில் விழும். முதல் பில்லை எடுத்துக் காட்டினாராம். அங்கமுத்து அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாராம்.

"என்னா தம்பி, மொத மூட்டைக்கு ஒண்ணுன்னு போட்டுருக்கீங்க? லாபம்னுல்ல சொல்லுவோம்."

எங்கள் பக்கம் தானியம் அளக்கிறவர்கள் ஒன்று என்று எண்ணத் தொடங்கமாட்டார்கள். முதல் மரக்காலுக்கு லாபம் என்று பெயர். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. மரக்கால் போய் மின்தராசு வந்த பிறகும் மூட்டை தூக்குகிறவர் முதல் மூட்டையை வைக்கும்போது "லாபம்" என்றுதான் குரல் கொடுப்பார். அது மண்டிக்கு மட்டுமில்லை, விற்க வந்தவனுக்கும் நல்ல வார்த்தை. வேறு ஒருவராக இருந்தால் கம்ப்யூட்டருக்கு எண்தான் தெரியும் ஐயா என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். என் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து, முதல் வரியில் எண்ணுக்குப் பதிலாக லாபம் என்று விழுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். அங்கமுத்து அந்த பில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். கடைத்தெரு முழுக்க அதைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடைக்காரரும் தங்களுக்கென்று ஒன்று கேட்டார்கள். அரியலூரில் செல்வநாதனின் ஜவுளிக்கடை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். எல்லாப் புடவையும் ஒரே மேஜையில் குவியும், ஆனால் தாய்மாமன் எடுத்துக் கொடுக்கிற துணி தனியாகக் கணக்காக வேண்டும், அதே பில்லில் தெரியவும் வேண்டும். இல்லாவிட்டால் மாமன் முகம் தொங்கிவிடும். அதற்காக ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மாமன் பங்கு கீழே தனியாக வரும். கீழப்பழுவூரில் ஒரு இரும்புக்கடைக்கு வேறு ஏதோ. இப்படியே கடைக்கு ஒரு வேலைப்பாடு, கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் என்று ஆகிவிட்டது. கேட்டதை இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதனிடம் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

அந்த சாஃப்ட்வேர் ஓடுவது எக்ஸ்பி என்கிற பழைய விண்டோஸில். அதைச் செய்த கம்பெனியே பத்து வருஷத்துக்கு முன்னால் கைகழுவிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் இவர் எழுதியது ஓடாது. பழைய பிரின்டரின் வயர் சொருக அதில் துளையே கிடையாது. தராசு வயருக்கும் கிடையாது. இன்றைய காலத்துக்கு ஏற்ற மாதிரி எல்லாவற்றையும் புதிதாக எழுதினால்தான் உண்டு. எழுதத் தொடங்கினார். ஒரு கோடை விடுமுறை முழுக்க எழுதினார். பாதி எழுதியபோது இங்கே ஒரு கடையில் ஃபேன் சுற்றவில்லை, அங்கே ஒரு கடையில் காலையில் போட்டால் தேதி ஏதோ பழைய வருஷத்தைக் காட்டுகிறது என்று போன். பழசைக் காப்பாற்ற ஓடியே புதுசை எழுத நேரமில்லாமல் போனது. ஜிஎஸ்டி வந்தபோது அத்தனை கடைக்கும் தனித்தனியாக மாற்றிக் கொடுத்தார். அந்தச் சமயத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

என் பட்டுப்புடவை பீரோவின் கீழ்த்தட்டில் புடவை கிடையாது. மூடிப்போன பிரவுசிங் சென்டர்களில் எடைக்கு வாங்கி வந்த கம்ப்யூட்டர் போர்டுகள், பேன் பார்க்கிற சீப்பு மாதிரிக் கால் முளைத்த கறுப்புத் துண்டுகள். இந்த மாதிரி இப்போது எங்கேயும் கிடைக்காது என்று அவற்றைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். ஒரு பெரிய வெள்ளியன்று ஏலாக்குறிச்சியில் சிலுவைப் பாதை. ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற இடத்தில் எல்லோரும் முழங்காலில் இருக்கிறோம், இவர் சட்டைப்பை அதிர்கிறது. செல்வநாதன் கடையில் பிரின்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டதாம். எழுந்து போய்விட்டார். ஆண்டவராவது மூன்று தடவை விழுந்து மூன்று தடவை எழுந்தார். இந்த கம்ப்யூட்டர்கள் தினமும் விழுந்தன, தூக்கிவிட இவர்தான் போக வேண்டியிருந்தது.

கடைசியில் விழுந்தது அவருடைய கண்.

சர்க்கரை நோய் அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. வேளாவேளைக்குச் சாப்பிடாமல் அலைகிறவருக்கு அது அடங்குமா? கிறிஸ்துமஸ் விடுமுறையில் வற்புறுத்தித் திருச்சிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, விழித்திரை இரண்டு கண்ணிலும் கெட்டிருக்கிறது, வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் ஒரு நாள் திரை பிய்ந்துவிடும், அப்புறம் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு பல நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். அதற்கப்புறமும் சில மாதங்கள் பைக், கம்ப்யூட்டர், தூசி எதுவும் ஆகாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொங்கல் முடிஞ்சா சோளம் வந்துடும் பிரியா. சீசன் நேரத்துல நான் படுத்துட்டா மண்டியில என்னா பண்ணுவாங்க?"

"வேற ஆளே இல்லையா ஒலகத்துல?"

"இருக்காங்க. ஆனா இத யாரும் தொடமாட்டாங்க. பாத்தவுடனே தூக்கிப் போடுங்கன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப தூக்கிப் போடச் சொல்லுங்க!"

நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு முடிவுக்கு வந்தோம். திருச்சியில் பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிற இடத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எல்லாக் கடைக்காரர்களிடமும் நேரில் சொல்லி, அந்தப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றிவிட்டு, அதற்கப்புறம் ஆபரேஷன். பைக் ஓட்டக் கூடாது என்பதால் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து நானே கூட்டிப்போனேன். கடைக்காரர்களை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தேன்.

முதலில் ராஜவேல் மண்டி. அப்பாவைப் போல இல்லை ராஜவேல். பெரிய போன், வெள்ளைக் கார், யாரைப் பார்த்தாலும் டீ. திருச்சியிலிருந்து அபிநயா என்கிற பெண் லேப்டாப்போடு வந்திருந்தது. புது சாஃப்ட்வேர் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூட்டை எடையைப் போட்டால் மொத்தம் தானே வருகிறது, விவசாயியின் போனுக்கு மெசேஜ் போகிறது, கரன்ட் போனாலும் எதுவும் அழியாது. மண்டியில் பில் போடும் பூங்காவனம் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தது.

ராஜவேல் திரையில் விரலை வைத்தார். "மொத மூட்டைக்கு லாபம்னு வரலியேம்மா?"

"அது நம்பர் போடற எடம் சார். எழுத்து ஏறாது."

"எங்க ஆல்பர்ட் சார் போட்டதுல வருதே?"

"அது தனியா எழுதுனது சார். இது எல்லாக் கடைக்கும் பொதுவா இருக்கறது."

"அப்பா ஆசப்பட்டுக் கேட்டது. சீசன் நேரத்துல அத மாத்தணுமாங்கறேன்." அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சீசன் முடியட்டும் சார். நாங்க எங்க போயிடப் போறோம்?"

எனக்குத் தாங்கவில்லை. "அவருக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணணும், அதாங்க அவசரம்" என்றேன்.

"அச்சச்சோ, தாராளமா பண்ணிக்கட்டும் டீச்சர். ஒடம்பு முக்கியம். நாங்க கூப்டவே மாட்டோம். ரொம்ப அவசரம்னா மட்டும் ஒரு போன் அடிப்போம்."

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் கோபப்பட்டிருக்க வேண்டும். மேஜையைத் தட்டி, இனிமேல் நான் வரமாட்டேன், மாற்றினால் மாற்றுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தானே அவ்வளவு தூரம் போனோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து அந்தப் பழைய பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் உள்ளே இருந்த சோளத் தூசியைத் தட்டத் தொடங்கினார். ஃபேன்ல சத்தம் வருது பிரியா, ஒரு நிமிஷம் என்றார். அந்தப் பெண் அபிநயா என்னைப் பார்த்தது. நான் வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தேன்.

செல்வநாதன் கடையில் அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. மனிதர் உபசரித்து, என் புடவை நிறத்தைப் பாராட்டி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மாமன் பங்கு பிரிஞ்சு வருமா?" என்றார். இரண்டு பில்லாகப் போட்டுக்கொள்ளலாம் என்றது அபிநயா. "ரெண்டு பில்லா? சம்பந்தி வூட்டு ஆளுங்க முன்னால ரெண்டு பில்லு நீட்டுனா, மாமன் பிரிஞ்சு போயிட்டான்னு பேசுவாங்கம்மா. நீ சின்னப் பொண்ணு" என்று சிரித்தார். கீழப்பழுவூர் இரும்புக்கடைக்காரர் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார். காரணமெல்லாம் ஒன்றுமில்லை, பயமாக இருக்கிறது, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றார். அவரை எனக்குப் பிடித்திருந்தது.

வரும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு என் மேலதான் பிரியா. எல்லாருக்கும் அவங்கவங்க கேட்டத பண்ணிக் குடுத்துட்டேன். இப்ப யாருக்கும் பொதுவா இருக்கறது புடிக்கல."

"புடிக்காம இல்லீங்க. நீங்க இருக்கீங்க, அதான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. என் ஆத்திரத்துக்கு அதுதான் பெரிய காரணம். அந்த லாபம் என்கிற ஒரு வார்த்தையை யாரோ ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டதை இந்த மனிதர் இருபது வருஷமாக மறக்கவில்லை. கட்டிய பெண்டாட்டி சொல்வது காதில் விழவில்லை, அது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சீசன் முடியட்டும் என்றார்கள், முடிந்தது. மார்ச் கணக்கு முடியட்டும் என்றார் செல்வநாதன், அதுவும் முடிந்தது. டாக்டரம்மாவின் நர்ஸ் போன் செய்து எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு, பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டது. நான் ஸ்கூல் போன பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்று தெரிந்து சாவியை என் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். அவர் பஸ்ஸில் போனார். நானும் சண்டை போட்டுச் சலித்துவிட்டேன். தினமும் சமைக்க வேண்டும், ஸ்கூல் போக வேண்டும், ஐம்பது பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவைக்க வேண்டும். சண்டைக்கும் தெம்பு வேண்டாமா?

வைகாசியில் ஒரு காலை. நான் அடுப்படியில் இருந்தேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரியா, வலப்பக்கம் கொடியில துணி போட்டுருக்கியா?"

"இல்லியே, ஏன்?"

"கறுப்பா ஏதோ தொங்குது. கீழ எறங்கிக்கிட்டே வருது."

கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கூடத்தில் கொடியே கிடையாது.

அன்றைக்கே திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறோம், வெளிச்சம் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். இடது கண்ணுக்கும் லேசர் வைத்தார்கள். அதில் ஆள் தெரிவார்கள், நடமாடலாம், எழுத்துப் படிப்பது கஷ்டம்தான் என்றார். டிசம்பரிலேயே ஆபரேஷன் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அந்தம்மாவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அவரைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். தலையை நிமிர்த்தக் கூடாது. சாப்பாடும் அப்படியேதான், நான் கீழே தரையில் உட்கார்ந்து ஸ்பூனில் ஊட்டுவேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ராஜவேல் பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ், ஆப்பிள், முகம் நிறைய வருத்தம். வருத்தம் பொய்யில்லை, அதையும் சொல்ல வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "என்னா சார் இது" என்று கண் கலங்கினார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. சிஸ்டம் நின்னு போச்சு. ஆன் பண்ணா பீப் பீப்னு கத்துது, ஒண்ணும் வரமாட்டேங்குது. கார்லதான் வச்சுருக்கேன். சார் கையால தொட வேண்டாம், வாயால சொன்னா போதும், கூட ஒரு பையனக் கூட்டியாந்துருக்கேன்."

நான் எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கார். பின்சீட்டில் சோளச் சாக்கால் போர்த்தி, பக்கத்தில் தலையணை முட்டுக்கொடுத்து, பேறுகாலத்துக்கு வந்த பெண்ணை மாதிரி அந்தப் பெட்டியை உட்காரவைத்திருந்தார்கள். என் சக்களத்தி என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"தூக்கிட்டுப் போங்க" என்றேன்.

"டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம்..."

"அவரு தரையப் பாத்துப் படுத்துருக்காரு, தெரியுதுல்ல? அவரால மனுச முகத்தப் பாக்க முடியல. நீங்க பெட்டியக் கொண்டாந்து காட்டுறீங்க. தூக்கிட்டுப் போங்க. இன்னும் ஒரு வார்த்த பேசுனீங்கன்னா நான் கத்துவேன்."

நான் ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருந்தேன். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தது. ராஜவேல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

உள்ளே வந்தால் கட்டிலுக்குக் கீழே இருந்து வருகிற மாதிரி அவர் குரல் வந்தது. "எத்தன தடவ பீப் அடிக்குதாம்?"

"எனக்குத் தெரியாது."

"உள்ள இருக்குற ரேம் அட்டையாத்தான் இருக்கும். கழட்டி அழிரப்பர்ல அதோட காலத் தேச்சுட்டு மாட்டுனா போதும். ரெண்டு நிமிஷ வேல. அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு பிரியா."

நான் தரையில் உட்கார்ந்து அவர் முகத்தைக் கீழிருந்து பார்த்தேன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் வீங்கி மூடியிருந்தது. அந்த நிலையிலும் அவருக்கு மண்டிக் கவலை. சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நினைப்பவர்கள் வந்து அந்தத் தரையில் என் இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தோம். அவரை வெயில் படாத அறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தேன். போன் அடிப்பது குறைந்தது. முதலில் தினமும் யாராவது விசாரித்தார்கள், பிறகு எப்போதாவது. அவர் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். சார்ஜ் இருக்கா பிரியா என்று கேட்பார். சார்ஜ் இருக்கும்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது வெள்ளைக் கார் வந்து நின்றது. என் பார்வை முதலில் பின்சீட்டுக்குத்தான் போனது. காலியாக இருந்தது. ராஜவேல் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முகத்தில் பழைய வருத்தம் இல்லை.

"சார் எப்புடி இருக்காரு டீச்சர்? ஒரு நல்ல சேதி. மண்டியில புது சாஃப்ட்வேர் போட்டாச்சு. அன்னிக்கு நீங்க வெரட்டி விட்டீங்கல்ல, வேற வழியில்ல, அந்தத் திருச்சிப் பொண்ணக் கூப்ட்டேன். வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க."

"பூங்காவனத்துக்குப் பழகிடுச்சா?"

"நாலே நாளு! இப்ப அது போன்லயே பில்லு போடுது. இவ்ளோ சுளுவுன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ மாத்தியிருப்போம் டீச்சர்."

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அப்புறம் ஏங்க மாத்தல?"

அவர் யோசித்தார். குத்தலாகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நேர்மையாகவே பதில் சொன்னார்.

"சார் வந்துக்கிட்டு இருந்தாருல்ல. கூப்ட்டா ஓடியாந்துடுவாரு. அப்புறம் என்னாத்துக்கு மாத்தணும்னு இருந்துட்டோம்."

சட்டைப்பையிலிருந்து மடித்த பில் ஒன்றை எடுத்து, சாருக்குக் காட்டக் கொண்டாந்தேன் என்று என் கையில் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. கலரில் பிள்ளையார் படம், மண்டிப் பெயர். கீழே வரிசையாக மூட்டைகள். முதல் வரியில் ஒன்று என்று எண்தான் இருந்தது.

"லாபம் வரலியே" என்றேன்.

"அதெல்லாம் இப்ப யாரு டீச்சர் பாக்குறாங்க? மூட்ட தூக்குறவரு வாயால சொல்லிக்கிறாரு, அது போதும். ஒருத்தர்கூடக் கேக்கல."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தாலாவது பரவாயில்லை. ஒரு மனிதரின் கண் போனதற்குக் காரணம் என்று நான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த எதுவுமே அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை. அப்பா ஆசைப்பட்டது, சீசன், பயம் எல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. ஒருத்தர் பைக்கில் வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த பில்லைக் கிழித்து ராஜவேல் கையிலேயே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. உள்ளே இருந்து குரல் வந்தது.

"யாரு பிரியா? ராஜவேல் சாரா?"

உள்ளே போனோம். அவர் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, குரல் வந்த பக்கம் சிரித்தார். ராஜவேல் பலாப்பழத்தை மூலையில் வைத்துவிட்டு, புது சாஃப்ட்வேர் போட்டாச்சு சார், நல்லா ஓடுது, நீங்க கவலப்படாம ரெஸ்ட் எடுங்க என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நல்லது, நல்லது என்று சொன்னார். கை மட்டும் போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"பில்லு கொண்டாந்துருக்கீங்களா?"

நான் கொடுத்தேன். வாங்கி இடது கண்ணுக்கு வெகு பக்கத்தில் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். மேலும் கீழும் நகர்த்தினார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"மூட்ட வரிசையப் படி பிரியா. மொத மூட்டைக்கு என்னா வருதுன்னு பாரு."

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுக்கிறவள் நான். எண் விஷயத்தில் என்னிடம் யாரும் ஏமாற்ற முடியாது. பில்லை எதிரே பிடித்தேன். ராஜவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாபம்" என்றேன். "நாப்பத்தொம்பது கிலோ. ரெண்டு, அம்பது. மூணு, அம்பது."

ராஜவேல் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போட்டுட்டாங்களா?" என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு எழுத்து ஏறாதுன்னுல்ல சொல்லுச்சு?"

"ஏறிடுச்சுங்க" என்றேன்.

"கேட்டு வாங்கியிருக்கீங்க ராஜவேல் சார்."

"ஆமா சார்" என்றார் ராஜவேல்.

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். தலைமாட்டில் இருந்த போனை எடுத்து, இனி இது பக்கத்தில் வேண்டாம் என்கிற மாதிரி என்னிடம் நீட்டினார். வாங்கி ஜன்னலில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "மிச்சத்தயும் படி" என்றார்.

நாலாவது மூட்டையிலிருந்து தொடர்ந்தேன்.